ஸ்ரனிஸ்லாஸ் அண்ணன் வீட்டுக் காடு

கொட்டாஞ்சேனையில் தெருவிலிருந்து பிரியும் எங்கள் ஒழுங்கைக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்த ஒருவரும் ஸ்ரனிஸ்லாஸ் அண்ணனிடம் பழுதான சாமானை விற்று வென்றதில்லை. முயன்று பார்த்தவர்கள் உண்டு. அவர் பருப்பை உள்ளங்கையில் தேய்த்து மூக்குக்குக் கிட்டே கொண்டு போவார். மாவில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைப்பார். பிறகு, "தம்பி, இது நனைஞ்சு காய்ஞ்ச பருப்பு. கடல்தண்ணி இல்லை, மழைத்தண்ணி" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விடுவார். துறைமுகத்தில் அவருக்கு அதுதான் உத்தியோகம். கப்பலில் வந்த சரக்கு பழுதாகிவிட்டால் அது எதனால் பழுதானது, மிச்சம் என்ன பெறும் என்று பார்த்து எழுதிக் கொடுக்கும் ஒரு கம்பனியில் காலமெல்லாம் வேலை செய்தார். ஓய்வு பெற்ற பிறகும் அந்த மூக்கு ஓய்வு பெறவில்லை. கிறிஸ்மஸுக்கு நான் கொடுத்தனுப்பிய கேக்கில் பழைய முட்டை என்று கண்டுபிடித்தவர் அவர். அந்த நத்தார் முழுக்க அவரோடு நான் கதைக்கவில்லை.

நான் பக்கத்து வீட்டு மெற்றில்டா. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவர்கள் மீன் பொரித்தால் எனக்குத் தெரியும், நான் சத்தம் போட்டால் அவர்களுக்குத் தெரியும். ஆகவே நான் சொல்லப் போவதில் கேள்விப்பட்டது கொஞ்சம்தான், மற்றதெல்லாம் கண்ணால் கண்டது.

அவர்கள் வீட்டு முன்னறையில் ஒரு காடு தொங்கியது. பெரிய எண்ணெய் வர்ணப் படம். அண்ணனின் தகப்பன் வேலை செய்த கப்பல் கம்பனியின் துரை சீமைக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனது. பருத்த அடிமரங்கள், பழுப்பு இலைகள், ஓரத்தில் ஓர் ஓடை, நடுவில் வளைந்து போகும் ஒரு பாதை, அதன் முடிவில் கொஞ்சம் மஞ்சள் வெளிச்சம். அவ்வளவுதான். மன்னாரிலிருந்து கலியாணம் முடித்து வந்த றஞ்சிதம் அக்கா அதைப் பார்த்த உடனே, "இது எங்கட மடுக்காடு" என்றாராம். மாமியார் வீடு முழுக்கச் சிரித்ததாம். மன்னார்ப் பக்கம் மடு மாதா கோயிலைச் சுற்றி நிற்பது பாலையும் வீரையும். படத்தில் இருந்ததோ வெள்ளைக்காரன் ஊர் மரம். எவ்வளவு சொல்லியும் அக்கா கேட்கவில்லை. நாங்களும் காலப்போக்கில் அதை மடுக்காடு என்றே சொல்லத் தொடங்கினோம்.

சண்டை நடந்த காலத்தில் மடுவுக்குப் போகும் பாதை திறப்பார்கள், மூடுவார்கள். ஆவணித் திருவிழா வந்தால் அக்கா ஊர் நினைவில் அழத் தொடங்குவார். மகன் ரெனால்ட்தான் ஆறுதல் சொல்வான். "பாதை திறக்கட்டும் அம்மா. உங்களையும் அப்பாவையும் நான் கூட்டிக்கொண்டு போறன்." நல்ல பிள்ளை. வாய்த்துடுக்கு மட்டும் அதிகம். என்னை 'ஒழுங்கை ரேடியோ' என்று கூப்பிடுவான். கோயில் சுரூபங்கள் செய்யும் ஒரு பட்டறையில் அவனுக்கு வேலை. சாந்தில் வார்த்தெடுத்த அந்தோனியாருக்கும் சவேரியாருக்கும் முகம் எழுதுவான், உடுப்புக்கு நிறம் பூசுவான்.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு தபசு காலம், ஈஸ்டருக்கு முந்திய நோன்பு நாட்கள். பாடுகளின் கிழமைகளில் கோயிலில் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடி வைத்து, உயிர்த்த ஞாயிறன்று பாஸ்குவுக்குத்தான் திறப்பார்கள். அந்த வருஷம் ரெனால்ட் வீட்டுக் காட்டையும் ஊதாத் துணியால் மூடினான். படம் கறுத்துப் போய்விட்டது, உருளைக்கிழங்கை வெட்டித் தேய்த்துத் துப்புரவாக்கப் போகிறேன், பாஸ்குவுக்குத் திறந்து காட்டுவேன், அதுவரை ஒருவரும் பார்க்கக் கூடாது என்றான். அம்மா கோயிலுக்குப் போன நேரமெல்லாம் துணிக்குப் பின்னால் நின்றான். உயிர்த்த ஞாயிறு பூசை முடிந்து வந்து துணியை எடுத்தபோது நானும் நின்றேன். பாதையின் முடிவில், அந்த மஞ்சள் வெளிச்சத்துக்குள், நீலப் போர்வையோடு மாதா நின்றா.

"ஊத்தைக்குள்ள இருந்திருக்கிறா அம்மா. தேய்க்கத் தேய்க்க வெளியில வந்தா" என்றான் ரெனால்ட்.

அக்கா முழங்காலில் விழுந்துவிட்டார். நானும் விழுந்தேன். சுரூபத்துக்கு நிறம் பூசுகிறவன் வீட்டில் மாதா வெளிப்பட்டால் யாருக்காவது சந்தேகம் வர வேண்டாமா? ஒருத்தருக்கும் வரவில்லை. பாஸ்கு முடிந்து கொஞ்ச நாளில், சண்டை கிட்ட வந்ததால் மடுக் கோயிலிலிருந்து மாதாவின் சுரூபத்தையே வேறு இடத்துக்குக் கொண்டு போகிறார்கள் என்று செய்தி வந்தது. அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா? மாதா புறப்பட்டு எங்கள் ஒழுங்கைக்குத்தான் வந்திருக்கிறா என்று நானே ஊரெல்லாம் சொன்னேன். செய்திக்கு முன்பே இங்கே வந்துவிட்டாவே என்று கேட்டவனை வாயடைக்க வைத்தேன். சனம் மெழுகுதிரியோடு வந்தது. என் மகளின் கனடா விசாவுக்கு நானும் கொளுத்தினேன். விசா கிடைத்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். பங்குச் சாமியார் மட்டும் பிடி கொடுக்கவில்லை. "படங்களைப் பற்றித் தெரிஞ்ச ஒருத்தர் வந்து பார்க்கட்டும். அதுக்குப் பிறகு கதைப்பம்" என்றார்.

ரெனால்டுக்கு அந்தப் பேச்சு நடக்கும்போதெல்லாம் முகம் ஒரு மாதிரி ஆகும். சொல்ல வந்தவன் போல நிற்பான். நான்தான் விடாமல் கதைத்துக்கொண்டிருந்தேனோ என்னவோ. அந்த வருஷக் கடைசியில் வேலை முடிந்து வரும் வழியில் அவனை ஒரு வெள்ளை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பட்டறைக்கு எதிரே இருந்த தேத்தண்ணிக் கடைக்காரர் கண்டார். பிறகு பயத்தில், தான் ஒன்றும் காணவில்லை என்றார். அதற்குப் பிறகு அவன் இல்லை. பொலிஸ், முகாம், ஆணைக்குழு, சாத்திரம் என்று அண்ணனும் அக்காவும் போகாத இடம் கிடையாது.

அக்கா இவ்வளவு வருஷமும் உயிரோடு நடமாடியது ஒரே ஒரு நம்பிக்கையில். அதை அவர் வெளிப்படையாகவே சொல்வார். "அத்தனை வருஷம் கறுப்புக்குள்ள மறைஞ்சிருந்த மாதா வெளியில வந்தா. அவனும் வருவான். மாதா அதைச் சொல்லத்தான் முன்னுக்கு வந்தவ." காலையும் மாலையும் அந்தப் படத்துக்கு முன்னால் மெழுகுதிரி. அண்ணன் அவருக்குப் பக்கத்தில் முழங்காலில் இருப்பார், வாய் மட்டும் அசையாது.

போன வருஷம் எங்கள் ஒழுங்கையை இடித்து மாடி கட்டப் போகிறார்கள் என்று முடிவாகியது. அவர்களின் மகள் சாமினி ஹெந்தளையில் இருக்கிறாள், சின்ன வீடு. தாய் தகப்பனுக்கு ஓர் அறை கூட்டிக் கட்ட வேண்டும். அவள்தான் படத்தைப் பற்றிப் பேச்செடுத்தாள். "அது பழைய படம் அப்பா. பெறுமதி இருக்கும். ஒருத்தரைக் கூட்டிவந்து காட்டுவம்."

அக்கா சண்டைக்கு நிற்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ உடனே சம்மதித்தார். "வந்து பாக்கட்டும். காடும் மாதாவும் ஒரே வயசு எண்டு ஒரு தெரிஞ்ச ஆள் சொல்லட்டும். சாமியாருக்கும் அதுதானே வேணும். அதுக்குப் பிறகு பாப்பம், ஆர் இதை விக்கச் சொல்லுவினமெண்டு."

முரண்டு பிடித்தது ஸ்ரனிஸ்லாஸ் அண்ணன். ஊரில் உள்ள சரக்கையெல்லாம் சோதித்தவர், தன் வீட்டுப் படத்தைச் சோதிக்க விடமாட்டேன் என்கிறார். ஒரு நாள் காய்ச்சல் என்றார். ஒரு நாள் வந்தவருக்குக் கதவு திறக்கவில்லை. இன்னொரு நாள், "பழசைக் கிண்டினால் பழுதாகும்" என்றார். எனக்கு விளங்கவில்லை. வயசு போய் மூளை தளர்ந்துவிட்டது என்று அக்காவிடமே சொன்னேன். அக்காவும் ஓம் என்றார்.

கடைசியில் அண்ணன் பென்ஷன் எடுக்கப் போன நேரம் பார்த்து அக்காவே ஆளைக் கூப்பிட்டுவிட்டார். வந்தவர் பெயர் அஷ்ரப். கொம்பனித்தெருப் பிள்ளை, நாற்பது வயது இருக்கும். ஏலக் கம்பனி ஒன்றில் பழைய தளபாடமும் படமும் மதிப்பிடுகிறவர். பொறுமையான மனுசன். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்து, அக்காவிடம் அனுமதி கேட்டுத்தான் படத்தைச் சுவரிலிருந்து இறக்கினார். முதலில் பின்பக்கத்தைப் பார்த்தார், துணியை அடித்திருந்த ஆணிகளைத் தடவினார். பிறகு பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஓரத்திலிருந்து ஆரம்பித்தார். அக்காவின் கையில் செபமாலை, என் கையில் அவருக்குப் போட்ட தேத்தண்ணி.

"நல்ல படம் அன்ரி" என்றார். "சீமைப் படந்தான். நூறு, நூத்தம்பது வருஷம் ஈக்கும். பேர் பெத்த ஆளில்ல, ஆனா கை தெரிஞ்ச ஆள். மரத்தைப் பாருங்க. கீழ பாதையில ரெண்டு சின்ன ஆள் போறாங்க. ஒருத்தன்ட தோளில துவக்கு, வேட்டைக்காரன். பழைய படங்களில இப்பிடிப் போடுவாங்க."

அந்த இரண்டு பேரை நாங்களும் கண்டிருக்கிறோம். நகத்துணுக்கு அளவுதான் இருப்பார்கள், மெழுகுதிரிப் புகையும் படிந்திருந்தது. ஊத்தை போன பிறகு தெரிந்தவர்கள், யாரோ வெள்ளைக்காரர் என்று விட்டுவிட்டோம்.

"மாதா?" என்று கேட்டார் அக்கா.

அஷ்ரப் கண்ணாடியை மேலே கொண்டு போனார். அங்கே வைத்தபடி அசையாமல் நின்றார். அந்த நேரம்தான் அண்ணன் குடையை மடக்கிக்கொண்டு வாசலில் வந்தார். படம் மேசையில் கிடப்பதைக் கண்டார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்ரி, இந்தப் படம் முழுக்க மெல்லிசா வெடிச்சீக்கி. மரம், வானம், எல்லா இடமும். நீல உடுப்பில மட்டும் வெடிப்பில்ல. வெடிப்புக்கு மேலால பூசியீக்கி. ஒரு சின்னச் சோதனை செய்யவா?"

பஞ்சுக் குச்சியை ஒரு போத்தலில் நனைத்து, மரத்தின் ஓரத்தில் உருட்டினார். பஞ்சில் வெறும் அழுக்கு. இன்னொரு குச்சியை மாதாவின் போர்வை ஓரத்தில் உருட்டினார். பஞ்சு நீலமாக வந்தது.

"இது பிறகு போட்டது அன்ரி. மன்னிச்சுக்கொள்ளுங்க. பத்து, இருபது வருஷத்துக்குள்ள. சுரூபத்துக்கு அடிக்கிற பெயின்ட் மாதிரி ஈக்கி."

அக்கா அந்த நீலப் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகத் திரும்பினார். அவர் திரும்பியது அஷ்ரப்பிடம் அல்ல, வாசலில் நின்ற புருசனிடம்.

"இஞ்சருங்கோ. உங்களுக்குத் தெரியுமோ?"

அண்ணன் பொய் சொல்லத் தெரியாத மனுசன். "மணம் தெரிஞ்சது" என்றார். "துணியை எடுக்கவே, பெயின்ட் கரைக்கிற ரேப்பன்ரைன் மணந்தது."

"ஏன் சொல்லேல்ல?"

"பெருநாள் நாள். நீ சிரிச்சுக்கொண்டு நிண்டாய். அவனும் பின்னேரம் என்னட்டை வந்து சொன்னவன். 'அப்பா, அம்மாவுக்கு மடுவுக்குப் போக ஏலாது, அதுதான் செய்தனான். மடுத் திருநாளுக்கு முன்னம் நானே சொல்லிப்போடுறன்' எண்டான். அதுக்குள்ள சனம் வரத் தொடங்கிட்டுது."

"பிறகு?"

"பிறகு அவன் இல்லை."

அக்கா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நல்லாயிருக்கும். "நான் ஆரைக் கும்பிட்டனான்?" என்று மட்டும் கேட்டார். "இவ்வளவு காலமும் என்ர பிள்ளையைத் தா எண்டு என்ர பிள்ளை கீறின படத்திட்டையா கேட்டனான்? பக்கத்தில முழங்காலில இருந்துகொண்டு பாத்தீங்களே!"

எனக்கு அண்ணன் மேல் பொல்லாத கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே அது என் பக்கம் திரும்பியது. ஊரெல்லாம் போய்ச் சொன்ன வாய் யாருடையது?

பாவம் அஷ்ரப், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றார். நீலத்தை எடுத்துவிட்டால் படத்தை ஏலத்தில் போடலாம், நல்ல விலைக்குப் போகும், அப்படியே விட்டால் ஒருவரும் வாங்க மாட்டார்கள் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"கழுவுங்கோ" என்றார் அக்கா. "கழுவிக் கொண்டு போங்கோ. எனக்கு வேண்டாம்."

"றஞ்சிதம், அவன்ர கை..." என்று தொடங்கிய அண்ணனை ஒரே பார்வையில் நிறுத்தினார்.

அஷ்ரப், எவ்வளவு இடம் கழுவ வேண்டும் என்று முதலில் பார்க்கவேண்டும், அறையை இருட்டாக்கினால் நல்லது என்றார். நான் யன்னல்களைச் சாத்தினேன். அவர் ஓர் ஊதா விளக்கைப் பையிலிருந்து எடுத்துப் படத்துக்கு மேல் பிடித்தார். காடு முழுவதும் வெளிறிய பச்சையாகத் தெரிந்தது. "பழைய வார்னிஷ் இப்பிடித்தான் தெரியும். பிறகு பூசினதெல்லாம் கறுப்பாத் தெரியும்" என்றார். மாதா நின்ற இடம் கறுப்பாக இருந்தது, மாதாவின் வடிவத்திலேயே. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

விளக்கு பாதை வழியாகக் கீழே இறங்கியது. ஓர் இடத்தில் நின்றது.

"இது என்ன?" என்றார் அஷ்ரப், தனக்குத்தானே. "இந்த ரெண்டு ஆளும் புதுசு."

பாதையில் இரண்டு கறுப்புப் புள்ளிகள். அவர் பூதக்கண்ணாடியை அதன் மேல் பிடித்தார். நான் எட்டிப் பார்த்தேன். புகை படிந்து வெளிச்சத்தில் தெரியாதது இப்போது ஓரம் வெட்டிய மாதிரித் தெரிந்தது. ஒரு பெண், தலையில் முக்காடு, கோயிலுக்குப் போகிற மாதிரி. பக்கத்தில் ஓர் ஆண், தோளில் ஏதோ சாய்த்திருக்கிறான்.

"துவக்கு இல்லை" என்றேன் நான். "அது குடை."

ஸ்ரனிஸ்லாஸ் அண்ணன் கையில் இன்னும் அந்தக் குடை இருந்தது. வெயிலோ மழையோ, அதை அவர் தோளில் சாய்த்துக்கொண்டுதான் நடப்பார். ஒழுங்கைச் சின்னப் பிள்ளைகளும் அப்படி நடந்து காட்டிச் சிரிக்கும். இந்த இரண்டு பேரைப் பற்றி அண்ணனுக்கும் தெரிந்திருக்கவில்லை. அவர் கிட்ட வந்து, குனிந்து, தன்னைத் தானே பார்த்தார். தோள் குலுங்கியது. சத்தம் பிறகுதான் வந்தது.

அக்கா எழும்பி வந்தார். கண்ணாடியை அஷ்ரப்பின் கையிலிருந்து தானே வாங்கினார். நெடுநேரம் பார்த்தார்.

"கூட்டிக்கொண்டு போயிருக்கிறான்" என்றார். குரல் வேறு மாதிரி இருந்தது. "மடுவுக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான்." பிறகு கேட்டார், "அவன் எங்க?"

ஒருவருக்கும் விளங்கவில்லை.

"நான் கூட்டிக்கொண்டு போறன் எண்டுதானே சொன்னவன். எங்கள் ரெண்டு பேரையும் தனிய விடமாட்டான். பின்னால வருவான். தம்பி, பாருங்கோ."

அஷ்ரப் விளக்கைப் பாதையின் பின்பக்கம் கொண்டு போனார். பச்சை. மரங்களின் அடியில் பிடித்தார். பச்சை. இலைகளுக்குள், ஓடைக் கரையில், வானத்தில்கூடப் பிடித்தார். எங்கேயும் வேறு கறுப்பு இல்லை.

"அந்தப் பெரிய மரத்துக்குப் பின்னால."

"பாத்தன் அன்ரி."

"திரும்பப் பாருங்கோ."

அவர் திரும்பப் பார்த்தார். ஒன்றும் இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் ஓரம் ஓரமாக, அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். அந்தப் பிள்ளைக்கு ஆண்டவர் நல்லது செய்யட்டும். பிறகு விளக்கை அணைத்து, போத்தலையும் பஞ்சையும் பையில் வைத்தார். கழுவவா என்று கேட்கவே இல்லை. படத்தைத் தானே தூக்கிச் சுவரில் மாட்டிவிட்டு, கூலியும் வாங்காமல் போனார். மேசையில் கிடந்த நீலப் பஞ்சை அக்கா எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

இப்போது ஒழுங்கை இல்லை. தகரம் அடித்து மூடிவிட்டார்கள். நான் வெள்ளவத்தையில் தங்கை வீட்டில் இருக்கிறேன், கடல் சத்தமும் ரயில் சத்தமும் போட்டி போடுகிற இடத்தில். போன மாதம் ஒரு மத்தியானம் பஸ் மாறி மாறி ஹெந்தளைக்குப் போனேன். அறை கூட்டிக் கட்டவில்லை. அண்ணனும் அக்காவும் மகள் வீட்டு முன்னறையில்தான் படுக்கிறார்கள், அந்தக் காட்டுக்குக் கீழே. வாசலில் சாமினி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "உள்ள போகாதீங்கோ மெற்றில்டா அன்ரி, கொஞ்சம் பொறுங்கோ" என்றாள். "அம்மா மெழுகுதிரி கொளுத்திறதை விட்டிட்டா. இப்ப இதுதான்."

யன்னல்களில் போர்வை தொங்கியது. கதவு இடுக்கால் பார்த்தேன். கள்ள நோட்டுப் பார்க்கக் கடைக்காரர் வைத்திருக்கிற சின்ன ஊதா ரோர்ச் விளக்கு ஒன்றை அண்ணன் புறக்கோட்டையில் வாங்கியிருக்கிறார். கதிரையில் ஏறி நின்று படத்தின் மேல் பிடித்துக்கொண்டிருந்தார். அக்கா கீழே நின்று கதிரையைப் பிடித்திருந்தார்.

"அந்த ஓடைப் பக்கம்" என்றார் அக்கா.

"அதில இல்லை."

"மரத்துக்குப் பின்னால?"

"இல்லை."

அக்கா கதிரையை விடவில்லை. அந்தப் படத்தில் அண்ணன் பார்க்காத இடம் நூலளவும் மிச்சம் இருந்திருக்காது. வாழ்நாள் முழுக்கச் சரக்குச் சோதித்த மனுசன், உள்ளதைத் தவிர வேறொன்றையும் எழுதிக் கையெழுத்துப் போடாதவர். அவர் கதிரையில் கொஞ்சம் தள்ளி நின்று, கையை எட்டி நீட்டினார்.

"பொறு றஞ்சிதம்" என்றார். "இந்த மூலை இன்னும் பாக்கேல்ல."